பதினைந்து கிலோவில் ஆபிரிக்கா

போகாத ஊருக்கு வழி சொல்வதில் பத்திரிகைக்காரனை மிஞ்ச ஆளில்லை. யாழ்ப்பாணத்தில் நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராக இருந்த காலத்தில், கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியறியாத நான் முத்துக்குளிப்பது பற்றி ஒரு முழுப்பக்கம் எழுதினேன். வாசகர் எவரும் மூழ்கியதாகத் தகவல் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் பிற்காலத்தில் ரொறன்ரோவில் இருந்துகொண்டு, ஆபிரிக்கக் காட்டுக்குச் சஃபாரி போகிறவர்கள் எதைக் கட்டிக்கொண்டு போகவேண்டும், எதை விட்டுவிட்டுப் போகவேண்டும் என்று ஊருக்கு உபதேசம் செய்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வெக்ஸ்போர்ட்டில் ஓர் உயர்ந்த கட்டடத்தின் ஏழாம் மாடியில் நானும் மனைவி மதியும் குடியிருந்தோம். கிழமை நாட்களில் நகர மையத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்துக்கு நான் செக்யூரிட்டி. (ஊரில் இருந்த சித்தப்பா இதைப் பாதுகாப்பு அமைச்சு சம்பந்தமான உத்தியோகம் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தார். நான் திருத்தவில்லை.) சனி, ஞாயிறுகளில் ஸ்காபரோவில் வெளிவந்த ஒரு தமிழ் வார இதழுக்கு வேலை செய்தேன். சம்பளம் என்று சொல்லமுடியாது. தேநீரும் பெயரும் கிடைத்தன.

மதிக்கு ஒரே ஒரு அக்கா. பெரியக்கா என்போம். அவருடைய கணவர், அதாவது என் சகலன், கென்யாவில் ஒரு தேயிலைக் கம்பனியில் கணக்காளர். போர் வந்து ஒவ்வொருவரையும் ஒவ்வொரு திசையில் எறிந்தபோது அக்கா நைரோபியிலும் தங்கை ரொறன்ரோவிலும் விழுந்தார்கள். ஒருவரை ஒருவர் கண்டு ஒன்பது வருடம். அகதிப் பத்திரத்தை வைத்துக்கொண்டு எங்கும் நகர முடியாது. கனடியக் கடவுச்சீட்டு கைக்கு வந்த அன்று மதி அதை விரித்துப் படம் பார்க்கவில்லை, பெயர் சரியா என்று பார்க்கவில்லை. நேரே தொலைபேசியை எடுத்து, "அக்கா, நான் வாறன்" என்றாள். பிறகு நிமிடத்துக்கு இரண்டு டொலர் என்ற கணக்கில் இருவரும் அழுதார்கள்.

இருப்பதைச் சுரண்டி, மாற்றவோ மீளப்பெறவோ முடியாத மலிவு டிக்கெட் இரண்டு வாங்கினோம். அந்த விமானத்தைத் தவறவிட்டால் இன்னொரு டிக்கெட்டுக்குக் காசும் இல்லை, இன்னொரு லீவும் இல்லை. இதை மதி தினமும் ஒரு தடவை சொன்னாள்.

சகலன் தாராளமான மனிதர். நாங்கள் இறங்கிய மறுநாள் விடியவே எல்லோருமாகச் சஃபாரி போவதற்கு ஒழுங்கு செய்துவிட்டு, வார இதழ் அலுவலகத்துக்கு ஃபாக்ஸ் அனுப்பினார். காட்டுக்குப் போகும் விமானம் சின்னது. ஆளுக்குப் பதினைந்து கிலோதான், அதுவும் துணிப்பையில். மற்றப் பெட்டிகளை நைரோபி வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம்.

இவ்வளவுதான் விஷயம். இதை வாசித்துவிட்டு ஒரு துணிப்பை வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் வந்திருக்காது. நானோ நூலகத்துக்குப் போனேன். சஃபாரி பற்றி அங்கே இருந்த புத்தகங்களை எல்லாம் குவித்துவைத்துக் குறிப்பெடுத்தேன். பொதி கட்டுவதும் செய்தி எழுதுவதும் ஒரே கலை, தேவையில்லாததை வெட்டுவதுதான் இரண்டுக்கும் உயிர் என்று மதிக்கு விளக்கினேன்.

"அப்ப முதல்லை உந்தக் கதையை வெட்டுங்கோ" என்றாள் மதி.

'பதினைந்து கிலோவில் ஆபிரிக்கா' என்ற தலைப்பில் என் கட்டுரை அரைப்பக்கத்துக்கு வந்தது. இன்றைக்கும் அதில் பிழை சொல்ல முடியாது. பைக்குச் சில்லும் சட்டமும் இருக்கக்கூடாது. சின்ன விமானத்தின் வயிற்றுக்குள் அதை மடித்துத் திணிப்பார்கள். உடுப்பு காக்கி, மண்நிறம், ஒலிவ் பச்சை ஆகிய நிறங்களில் இருக்கவேண்டும். வெள்ளை போட்டால் அரை மணித்தியாலத்தில் புழுதி தன் நிறத்துக்கு மாற்றிக்கொள்ளும். கடும் நீலமும் கறுப்பும் கூடவே கூடாது. செற்சீ ஈ அந்த நிறங்களைக் கண்டால் விடாது. இராணுவப் புள்ளிச் சட்டை போட்டால் சில நாடுகளில் பிடித்து உள்ளே போடுவார்கள் (இதை எங்கள் ஆட்களுக்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை). தொப்பிக்கு நாடியில் கட்டும் வார் வேண்டும். பிலிம் சுருள் கைப்பையில் வரவேண்டும். மலேரியா மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கக்கூடாது. புதுச் சப்பாத்தைக் காட்டுக்குக் கொண்டுபோய்ப் பழக்காமல் வீட்டிலேயே போட்டு நடந்து பழக்கவேண்டும். இந்தக் கடைசிக் குறிப்பை நானே கடைப்பிடித்து, ஏழாம் மாடி நடைபாதையில் பின்னேரங்களில் இடுப்பில் சாரத்தோடும் காலில் சப்பாத்தோடும் உலாவினேன். லிஃப்டில் இருந்து இறங்கும் சீனத்துப் பெரியவர் ஒருவர் என்னைக் கண்டால் அடுத்த லிஃப்டில் கீழே போய்விடுவார்.

கட்டுரையின் அடியில் ஒரு வரி மிஞ்சி இருந்தது. இடத்தை நிரப்ப நானே ஒரு வாக்கியம் சேர்த்தேன்: 'இக்கட்டுரையாளர் அடுத்த மாதம் துணைவியாருடன் கென்யா பயணமாகிறார்.'

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பறக்கப்போகிறான் என்று தெரிந்த கணத்தில் ஒருவன் ஆள் என்ற நிலையில் இருந்து வாகனம் என்ற நிலைக்கு மாறிவிடுகிறான். அவனிடம் பார்சல் கொடுக்கலாம். அவன் மறுக்க முடியாது. மறுத்தவனின் பெயர் அவன் பேரப்பிள்ளைகள் காலம்வரை கதைக்கப்படும். பத்திரிகைக்காரனான நான் இந்த வழக்கத்தைப் பற்றியே முன்பொருமுறை எழுதியிருக்கிறேன். ஆனால் என் சொந்தப் பயணத்தை நானே அச்சிட்டு, நகரம் முழுவதும் உள்ள தமிழ்க் கடைகளின் வாசலில் இலவசமாக அடுக்கிவைத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பத்திரிகை வந்த அன்றே அடுத்த வீட்டுப் பராசக்தி அன்ரி வந்தார். கையில் இரண்டு ஊறுகாய்ப் போத்தலும் வறுத்த மிளகாய்த்தூள் பொட்டலமும்.

"பிள்ளை, என்ர பெறாமகள், தங்கச்சியின்ர பெட்டை, மொம்பாசாவிலை இருக்கிறாள். உது ஒரு பாரமே? ஒரு மூலையிலை கிடக்கும்."

"அன்ரி, பதினைந்து கிலோதான்..." என்று நான் தொடங்கினேன்.

"வாசிச்சனான் தம்பி. நல்லா எழுதியிருக்கிறீர். பெட்டி நைரோபி வரைக்கும் போகும் எண்டு நீர்தானே போட்டிருக்கிறீர்."

நான்தான் போட்டிருந்தேன். விவரம் முழுமையாக இருக்கவேண்டும் என்பது என் கொள்கை.

அடுத்து மிசிசாகாவில் இருந்து இரட்ணம் அங்கிள், ஒரு பிரஷர் குக்கரோடு. அதைச் சாம்பியாவில் கணித ஆசிரியராக இருக்கும் பழைய நண்பருக்குக் கொடுக்கவேண்டும்.

"அங்கிள், சாம்பியா வேறை நாடு. இடையிலை தான்சானியா கிடக்கு."

"எனக்குத் தெரியாதே? நீர் நைரோபியிலை வையும். ஆராவது அந்தப் பக்கம் போவினம்." பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எயார்போட்டுக்கு நான் வானிலை கொண்டுபோய் விடுறன். காசு தரவேண்டாம்."

நைஜீரியாவுக்குச் சேலை கொண்டுபோகச் சொல்லி ஒரு பெண் வந்தார். உலகப்படத்தை விரித்து, ரொறன்ரோவில் இருந்து வன்கூவருக்கு உள்ள தூரத்தையும் நைரோபியில் இருந்து நைஜீரியாவுக்கு உள்ள தூரத்தையும் விரலால் அளந்து காட்டினேன். கவனமாகக் கேட்டார். "ஓம் தம்பி, தூரம்தான்" என்றார். சேலையை வைத்துவிட்டுப் போனார்.

கடைசியாக வந்தவர் சிவம் அண்ணை. பார்க்டேலில் நான் வந்த புதிதில் ஒரே அறையில் தங்கியவர்; உணவகம் ஒன்றில் சமையல். அவர் கொண்டுவந்த பையை விரித்தால் முழங்கால் வரை நீண்ட, மயிர் வைத்த தொப்பியோடு கூடிய பனிக்கோட்டு. வெளியே ஆவணி மாதத்து வெயில். கோட்டைப் பார்த்ததுமே எனக்கு வியர்த்தது.

"அண்ணை, நைரோபியிலை உது என்னத்துக்கு?"

"அங்கை போடுறதுக்கில்லை. இஞ்சை வந்து இறங்கிறதுக்கு." நைரோபியில் தங்கியிருந்த சிவம் அண்ணையின் தம்பிக்குக் கனடா விசா கிடைத்துவிட்டது. தை மாதம் வருகிறான். "நான் இறங்கேக்கை மேலிலை ஒரு சேட்டு மட்டும்தான். எயார்போட் கதவு திறந்த உடனை, செத்துப்போனன் எண்டுதான் நினைச்சன். அவன் உதைப் போட்டுக்கொண்டு இறங்கட்டும்."

மதி கோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

பயணத்துக்கு முதல் நாள் என் துணிப்பையை வில்தராசில் தூக்கி நிறுத்தேன்: சரியாகப் பதினைந்து கிலோ. மதியை அழைத்து முள்ளைக் காட்டினேன். அன்று மாலை வேலைக்குப் போய்விட்டேன். நான் இல்லாத அந்த நேரத்தில் மதிக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் வந்தது. ஊறுகாய்ப் போத்தல்கள் உடையக்கூடாது. மிளகாய்த்தூள் சிந்தக்கூடாது. குக்கரின் மூடி நெளியக்கூடாது. சுற்றுவதற்குத் தடித்த துணி வேண்டும். சேலையால் சுற்ற முடியாது. வீட்டில் இருந்த மிகத் தடித்த துணி, நான் இரண்டு மாதமாகத் தேடித்தேடி வாங்கிய காக்கிக் காற்சட்டைகளும் சட்டைகளும்தான். நைரோபியில் பிரித்தெடுத்து மறுபடி என் பையில் வைக்கலாம் என்பது அவளுடைய திட்டம். அதில் எந்தப் பிழையும் இல்லை. காலியான என் பைக்குள் மிச்சப் பார்சல்களை அடைத்தாள். எல்லாம் அடுக்கி முடித்துவிட்டு நிம்மதியாகப் படுத்தாள். என்னிடம் சொல்ல மறந்துவிட்டாள்.

மறுநாள் பின்னேரம் இரட்ணம் அங்கிளின் வானும் இரண்டு கார்களுமாக விமான நிலையத்துக்குப் போனோம். வழியனுப்ப வந்தவர்கள் எல்லோருமே பார்சல் தந்தவர்கள். தங்கள் பொருள் பத்திரமாக ஏறுகிறதா என்று பார்க்க வந்திருந்தார்கள். நான் என் கல்யாணச் சூட்டில் இருந்தேன். கடும் நீலம். காட்டுக்கு அது ஆகாது என்று எழுதியவன் நான்தான். ஆனால் விமானத்தில் ஏறுகிறவன் கோட்டும் ரையும் இல்லாமல் ஏறினால் அது விமானத்துக்கே மரியாதை இல்லை என்று வளர்க்கப்பட்டவன். இறங்கியதும் காக்கிக்கு மாறுவதாக ஏற்பாடு.

கவுண்டரில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு கடவுச்சீட்டுகளை வாங்கினாள். பிறகு, நாளுக்கு முந்நூறு தடவை கேட்கும் குரலில் கேட்டாள்: "இந்தப் பொதிகளை நீங்களே கட்டினீர்களா?"

"இல்லை" என்றேன். மதி கட்டினாள். தகவல் சரியாக இருக்கவேண்டும்.

அந்தப் பெண் நிமிர்ந்தாள். "கொண்டுபோகச் சொல்லி யாராவது ஏதாவது தந்தார்களா?"

"நோ" என்றாள் மதி.

"யெஸ்" என்றேன் நான். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

அந்தப் பெண் மதியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. "யார் தந்தார்கள்?"

இன்றைக்கு யோசித்தால், அந்த இடத்தில் செய்யக்கூடியவை எத்தனையோ இருந்தன. மயங்கி விழுந்திருக்கலாம். நான் திரும்பி, கம்பித் தடுப்புக்கு அப்பால் நின்ற கூட்டத்தை நோக்கிக் கையை நீட்டி, "எல்லாரும்" என்றேன்.

தங்களை அறிமுகம் செய்துவைக்கிறேன் என்று நினைத்துக் கூட்டம் முழுவதும் கையசைத்தது. இரட்ணம் அங்கிள் இரண்டு கையாலும் அசைத்தார்.

"உங்களுக்கு என்ன விசரே?" மதியின் உதடுகள் அசையவில்லை, குரல் மட்டும் வந்தது. "பேப்பரிலை எழுதேக்கை உண்மை எழுதுங்கோ. எயார்போட்டிலை ஏன் எழுதுறியள்?"

"கேட்டால் என்னெண்டு பொய் சொல்றது?"

"பேசாமல் நிண்டிருக்கலாமே? கேட்டது என்னட்டை."

கேட்டது இருவரிடமும்தான். அந்தத் திருத்தத்தை நான் வெளியிடவில்லை.

எங்களை ஓரத்தில் ஒரு நீண்ட மேசைக்குக் கூட்டிப்போனார்கள். பாதுகாப்பு அதிகாரி உயரமான, களைத்த மனிதர். மரியாதை குறையாமல் பேசினார். பெட்டிகளைத் திறக்கவேண்டும், உங்களுடையது போகும், மற்றவர்கள் தந்தது அவர்களிடமே திரும்பவேண்டும், விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. மதி மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்கவில்லை.

முதல் பெட்டி திறந்ததும் என் காற்சட்டை ஒன்று தெரிந்தது. அதன் கால்கள் இரண்டும் ஒன்றோடொன்று முடியப்பட்டிருந்தன. இடுப்புப் பக்கம் ஒரு ஊறுகாய்ப் போத்தல் எட்டிப் பார்த்தது. அடுத்து என் ஒலிவ் பச்சைச் சட்டை, வயிற்றில் ஒரு பிரஷர் குக்கரோடு, எட்டு மாதக் கர்ப்பிணிபோலக் கிடந்தது. என் துணிப்பையைத் திறந்தேன். உள்ளே என்னுடையது என்று இருந்தது ஒரு சாரம், இரண்டு பெனியன், மலேரியா மாத்திரை, வார் வைத்த தொப்பி. மற்றதெல்லாம் ஆபிரிக்கக் கண்டத்தின் பல பாகங்களுக்கு உரியவை.

அதிகாரி கூட்டத்தைத் தடுப்புக்கு உள்ளே அழைத்தார். அதன்பிறகு அந்த மேசை சந்தைபோலத்தான் இருந்தது.

"உது என்ரை! அந்தச் சிவப்பு நூல் கட்டினது!"

"இல்லை அன்ரி, உது மற்ற அன்ரியின்ரை. உங்கடை இதுக்குக் கீழை."

"குக்கரின்ரை விசில் எங்கை? விசிலைத் தனியா வைச்சனான்!"

அதிகாரி மிளகாய்த்தூள் பொட்டலத்தைக் கிட்டக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். ஏழெட்டுத் தும்மல் தொடர்ந்து தும்மினார். பராசக்தி அன்ரி தன் கைக்குட்டையைக் கொடுத்து, "அது வறுத்த தூள் மகன்" என்று தமிழில் ஆறுதல் சொன்னார். வரிசையில் நின்ற பயணிகள் பெட்டிகளைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தார்கள். ஒரு குழந்தையைத் தகப்பன் தோளில் தூக்கிக் காட்டினார்.

மதி முடிச்சுகளை அவிழ்த்து என் உடுப்புகளை மீட்கப் பார்த்தாள். அவசரத்தில் இழுத்ததால் முடிச்சு இறுகியது. எங்கள் விமானத்துக்குக் கடைசி அழைப்பு ஒலிபெருக்கியில் வந்தது. அவள் நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. அந்தக் கணத்தில்தான், இது நான் சிரித்துச் சொல்லக்கூடிய கதை ஆகாமலே போய்விடலாம் என்று எனக்கு விளங்கியது. ஒன்பது வருடம், இன்னும் சில நிமிடம், நடுவில் என் ஒரு வார்த்தை.

"பிள்ளை, அவிழ்க்காதை! அப்பிடியே தா!" என்று கத்தினார் பராசக்தி அன்ரி. "வீட்டை போய் அவிழ்க்கிறன். நீ போ, உன்ர அக்காவைப் பார்!"

அவர் சொன்னதும் எல்லோரும் தங்கள் தங்கள் பார்சலைத் தூக்கிக்கொண்டார்கள். உறையோடு. என் காற்சட்டை ஒன்று வெக்ஸ்போர்ட் பக்கமாகவும் இன்னொன்று மிசிசாகா பக்கமாகவும் புறப்பட்டன.

மேசையில் மிஞ்சியது பனிக்கோட்டு. அதிகாரி அதைத் தூக்கிப் பிடித்தார். "இது யாருடையது?"

கூட்டத்தின் பின்னால் சிவம் அண்ணை நின்றார். முன்னுக்கு வரவில்லை, கேட்கவும் இல்லை. கையை மட்டும் நீட்டத் தொடங்கியிருந்தார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மதி கோட்டைப் பறித்து, என் சூட்டுக்கு மேலால் கைகளைத் திணித்து மாட்டி, கழுத்துவரை இழுத்துப் பூட்டிவிட்டாள். "இது இவருடைய கோட்டு" என்றாள் ஆங்கிலத்தில். "இவருக்குக் குளிர்."

அதிகாரி கண்ணாடிச் சுவருக்கு வெளியே வெயிலைப் பார்த்தார். கோட்டின் பைகளுக்குள் எல்லாம் கைவிட்டு, ஓரங்களை ஒவ்வொன்றாக நெரித்துப் பார்த்தார். பிறகு என் முகத்துக்கு நேரே குனிந்தார். "ஐயா, உங்களுக்குக் குளிர்கிறதா?"

நெற்றியில் இருந்து ஒரு துளி வியர்வை மூக்கு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. மதியின் நகம் என் முழங்கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"சரியான குளிர்" என்றேன்.

அவர் என்னை நீண்ட நேரம் பார்த்தார். அவருக்கு வீட்டில் மனைவி இருந்திருக்க வேண்டும். "ஓடுங்கள்" என்றார்.

ஓடினோம். பனிக்கோட்டோடு ஓடுவது பற்றி என் கட்டுரையில் குறிப்பு எதுவும் இல்லை.

நைரோபி விமான நிலையத்தில் அக்காவும் தங்கையும் சந்திக்கும் காட்சியை நான் பல தடவை கற்பனை செய்துவைத்திருந்தேன். கட்டிப்பிடிப்பார்கள், அழுவார்கள், நான் ஓரமாக நின்று கண்ணைத் துடைப்பேன், பிறகு அதை எழுதுவேன். நடந்தது இதுதான். சனி இரவு. கண்ணாடிக் கதவு திறந்தது. பெரியக்கா கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தார். பாதி வழியில் அவர் பார்வை மதியைத் தாண்டி என்மேல் விழுந்தது. நின்றுவிட்டார். கசங்கிய நீலச் சூட்டு, முழங்கால் வரை பனிக்கோட்டு, மயிர்த் தொப்பி, அதற்கு மேலே வார் கட்டிய சஃபாரித் தொப்பி (கையில் இடமில்லை), தோளில் காற்றடைத்ததுபோல லேசான ஒரு பை.

"மதி," என்றார் பெரியக்கா, ஒன்பது வருடத்துக்குப் பிறகு தங்கையின் முகத்துக்கு நேரே பேசிய முதல் வார்த்தைகளாக, "உவர் ஏன் உப்பிடி?"

மதி பதில் சொல்ல முயன்றாள். சிரிப்பு முந்திக்கொண்டது. ரொறன்ரோவில் இருந்து என்னோடு ஒரு சொல் பேசாமல் வந்தவள், அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, நிற்க முடியாமல் நிலத்தில் குந்திச் சிரித்தாள். அக்காவும் பக்கத்தில் குந்தினார். சிரித்துச் சிரித்து, கடைசியில் அழுதார்கள். எது எங்கே மாறியது என்று கவனிப்பதுதான் என் தொழில். என்னால் பிரித்தறிய முடியவில்லை.

மறுநாள் ஞாயிறு விடிய விமானம். கடை எதுவும் திறந்திராது. சகலன் தன் அலுமாரியைத் திறந்துவிட்டார். ஆனால் அவர் என் நெஞ்சளவு உயரம். அவருடைய காற்சட்டை என் முழங்காலோடு நின்றுவிட்டது. சின்ன விமானத்தின் தராசில் என் பையை வைத்தபோது முள் அசைந்ததாகத் தெரியவில்லை. அங்கிருந்த ஊழியர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு ஒழுங்காகப் பொதி கட்டிய பயணியை நான் கண்டதில்லை" என்றார்.

ஆகவே நான் சஃபாரி போனது கல்யாணச் சூட்டில். கடும் நீலம் பற்றி நான் எழுதியது முழுக்க உண்மை என்பதை ஆற்றோரமாகப் போன ஒரு மதியத்தில் ஈக்கள் உறுதிப்படுத்தின. ஜீப்பில் இருந்த மற்ற எவரையும் அவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. என் கட்டுரையின் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகக் கடித்துச் சரிபார்த்துவிட்டுப் போயின.

ஆனால் அந்தக் கட்டுரையில் இல்லாத ஒரு குறிப்பும் உண்டு. விடிகாலையில், திறந்த ஜீப்பில், அந்தப் புல்வெளிக் காற்று எலும்பு வரை போகும். எங்களோடு வந்த வெள்ளைக்காரத் தம்பதி, எல்லாப் புத்தகமும் சொன்னபடி மெல்லிய காக்கிச் சட்டையில், பல் கிடுகிடுக்க ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். சாரதி தடித்த கம்பளிச் சட்டைக்கு மேல் போர்வை போர்த்தியிருந்தார். நான் சிவம் அண்ணையின் பனிக்கோட்டுக்குள், தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு, எங்கள் வீட்டு ஹீற்றருக்குப் பக்கத்தில் இருப்பதுபோல இருந்தேன். முப்பது அடி தூரத்தில் ஒரு சிங்கம் எழுந்து கொட்டாவி விட்டது. சாரதி சிங்கத்தைக் காட்டவில்லை. திரும்பி என் கோட்டின் கையைத் தொட்டுப் பார்த்து, "இது எங்கே வாங்கலாம்?" என்று கேட்டார்.

காட்டில் இருந்து திரும்பியதும் கோட்டுக்குரியவன் நைரோபி வீட்டுக்கு வந்தான். சிவம் அண்ணையின் அதே மூக்கு. கோட்டைப் போட்டுப் பார்த்தான். அதன் பைக்குள் இருந்து ஒரு பிடி சிவப்புப் புழுதியைத் தட்டினான். தை மாதம் அதைப் போட்டுக்கொண்டுதான் ரொறன்ரோவில் வந்து இறங்கினான். நாங்களும் போயிருந்தோம். "குளிருதோ?" என்று கேட்டார் சிவம் அண்ணை. "இல்லை அண்ணை, இதுக்குள்ளை வேர்க்குது" என்றான் தம்பி. சிவம் அண்ணை அவனைக் கட்டிப்பிடிக்கவில்லை. கோட்டின் சிப்பை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டார்.

என் உடுப்புகள் முழுவதும் திரும்பவே இல்லை. பராசக்தி அன்ரி காற்சட்டையைத் தோய்த்து மினுக்கித் தந்தார். இடுப்பில் இன்றும் ஊறுகாய் மணக்கிறது. இரட்ணம் அங்கிள் ஒலிவ் பச்சைச் சட்டையோடு தன் வாசலில் பனி அள்ளுவதை அந்த மாரியிலேயே கண்டேன். "நல்ல துணி தம்பி" என்றார். குக்கர் இன்னும் சாம்பியாவுக்குப் போகிற ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பெரிய விளைவு வேறு. அந்த ஆண்டில் இருந்து எந்தக் கவுண்டர் முன்னாலும் நான் பேசுவதற்கு வீட்டில் தடை. எல்லைச் சோதனை, வங்கி, வைத்தியர், பள்ளிக்கூடம், எங்கே போனாலும் கேள்வி வருமுன் மதியின் கை என் முழங்கைக்கு வந்துவிடும். இரண்டு வருடம் கழித்துப் பிறந்த மகள் ஆரணி, பேசத் தொடங்கிய வயதிலேயே, அமெரிக்க எல்லையில் கார்க் கண்ணாடி இறங்கும்போது பின்சீட்டில் இருந்து சொல்வாள்: "டாட், டோன்ட் ஆன்ஸர். அம்மா சொல்லுவா."

அண்மையில் ஆரணிக்குத் திருமணம். மிசிசாகாவில் ஒரு மண்டபத்தில் முதலில் பதிவு. நைரோபியில் இருந்து பெரியக்காவும் சகலனும் வந்திருந்தார்கள். சிவம் அண்ணையும் தம்பியும் முன்வரிசையில் இருந்தார்கள். பதிவாளர் பெண் தாளைப் புரட்டி, கண்ணாடியைச் சரிசெய்து, சட்டம் கேட்கச் சொல்லும் கேள்வியைக் கேட்டாள்: "இந்த இருவரும் மணம் செய்வதற்குத் தடையாக எதையாவது அறிந்தவர் இங்கே இருந்தால், இப்போதே சொல்லலாம்."

முன்வரிசை முழுவதும், ஒருவர் விடாமல், திரும்பி என்னைப் பார்த்தது. மதியின் கை முழங்கையைப் பிடிக்கவில்லை, நேரே வாயைப் பொத்தியது. பதிவாளரின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. மேடையில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மகளும் திரும்பினாள்.

"அப்பா," என்றாள், "ப்ளீஸ்."